லட்சத்தில் எண்ணிப் பழகியவர்களுக்கு மில்லியன்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூருக்கு வந்த மூன்றாவது வாரம், செந்தூலில் குழாய் சாமான் விற்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம், நான் தயாரித்து அனுப்பிய கொட்டேஷன் ஒன்றுக்கு நான்கு நாள் ஆகியும் பதில் இல்லை. ஐந்தாவது நாள் வாங்குபவர் தரப்பிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "இது இரண்டு லட்சத்து நாற்பதாயிரமா, இல்லை இருபத்து நான்கு லட்சத்தில் ஒரு சைபர் விட்டுப்போய்விட்டதா?" என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தட்டியிருந்தது 2,40,000. நம் ஊர்க் கணக்கில் அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் கண்ணுக்கோ நடுவில் ஓர் இலக்கம் காணாமல் போன எண். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் வேறு கடைக்குப் போயிருந்தது.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். கடிதம் எழுதுவேன், போனில் பேசுவேன். எண் வரும் இடத்தில் மட்டும்தான் சறுக்கினேன், அதுவும் ஒருமுறை அல்ல. சம்பளம் பேசும்போது, வாடகை வீடு பார்க்கும்போது, லாரி கூப்பிடும்போது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பள்ளியிலிருந்தே ரிபு (மலாயில் ஆயிரம்), ஜூத்தா (பத்து லட்சம்), மில்லியன் என்று பழகியவர்கள், அவர்களுக்கு இது வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். முழுவதும் கைவசமாக இரண்டு வாரம் போதும். செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கையில் நான்கு தாள்கள் இருந்தால் படிப்பது சுலபம்: உங்கள் வேலை நியமனக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், உங்கள் அலுவலகத்தின் பழைய கொட்டேஷன் ஒன்று, இங்குள்ள ஆங்கிலச் செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கம் ஒன்று.

1. முதல் நாளே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்

கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். "தம்பி, லட்சம்னு சொல்லாதீங்க, சைபர் எத்தனைன்னு சொல்லுங்க." வாயால் மொழிபெயர்க்கப் போனால் தப்பு வரும். சைபரை எண்ணினால் வராது. கீழே உள்ளதை உங்கள் கையால் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம்: ஐந்து சைபர், 100,000. ஆங்கிலத்தில் ஒன் ஹண்ட்ரட் தவுசண்ட். மலாயில் செராத்துஸ் ரிபு.
பத்து லட்சம்: ஆறு சைபர், 1,000,000. ஒன் மில்லியன். மலாயில் செஜூத்தா.
ஒரு கோடி: ஏழு சைபர், 10,000,000. டென் மில்லியன். செபுலோ ஜூத்தா.
நூறு கோடி: ஒன்பது சைபர், 1,000,000,000. ஒன் பில்லியன். மலாயிலும் பிலியன்தான்.
லட்சம் கோடி: பன்னிரண்டு சைபர். ஒன் ட்ரில்லியன்.

மனதில் நிற்க ஒரு குறுக்கு வழி உண்டு. மில்லியனைப் பத்தால் பெருக்கினால் லட்சம், பத்தால் வகுத்தால் கோடி. பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலாலம்பூர் 1.98 மில்லியன், அதாவது 19.8 லட்சம். மலேசியா முழுவதும் 32.4 மில்லியன், அதாவது மூன்று கோடியே இருபத்து நான்கு லட்சம். தமிழ்நாடு 2011 கணக்கெடுப்பில் ஏழு கோடியே இருபத்தொரு லட்சம். அதை இங்கே ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால் 72.1 மில்லியன். இப்படி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்களை வைத்துப் பழகினால் சீக்கிரம் படியும்.

இன்னொரு விஷயம். அலுவலகத்தில் சீனச் சகஊழியர்கள் இருந்தால், பெரிய எண் சொல்லும்போது அவர்களும் ஒரு நொடி நின்று யோசிப்பதைப் பார்ப்பீர்கள். மாண்டரினில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச் சொல் இருக்கிறது, அவர்கள் அதில்தான் எண்ணுகிறார்கள். முப்பதாயிரம் என்றால் மூன்று வான். நீங்கள் லட்சத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறீர்கள், அவர் வானிலிருந்து வருகிறார், நடுவில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளலாம். எங்கள் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, எந்தத் தொகையையும் வாயால் முடிக்க மாட்டார், கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுவார். அவர் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு முன், நீங்களும் சைபரை எண்ணிவிடுங்கள்.

இந்தோனேசியாவிலிருந்து வந்தவர் 'மிலியார்' என்று சொன்னால் அது பில்லியன், மில்லியன் இல்லை. காதில் ஒன்றுபோல விழும், கவனம்.

2. காற்புள்ளியை மாற்றுங்கள், அதுவும் இன்றைக்கே

என் கொட்டேஷன் கெட்டதற்குக் காரணம் பாதி என் பழக்கம், பாதி நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி. இந்தியாவில் வாங்கிய கணினியில் இடம் இந்தியா என்று அமைந்திருக்கும், எக்செல் அதைப் பார்த்துக்கொண்டு 12,50,000 என்று தானாகவே காற்புள்ளி போடும். நீங்கள் சரியாகத் தட்டினாலும் அது நம் ஊர் முறையில்தான் காட்டும், அச்சிலும் அப்படியே வரும்.

விண்டோஸ் என்றால் அமைப்புகளில் 'ரீஜன்' என்ற பகுதிக்குப் போய், நாட்டு வடிவத்தை மலேசியாவுக்கு மாற்றுங்கள். அங்கேயே கூடுதல் அமைப்பில் இலக்கங்களைப் பிரிக்கும் முறையும் இருக்கும், மூன்று மூன்றாகப் பிரிப்பதைத் தேர்வு செய்யுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் ஒவ்வொரு கோப்பின் அமைப்பிலும் 'லோகேல்' என்று ஒன்று உண்டு, அதைத் தனியாக மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கணினியை மாற்றிய பிறகும், ஊரில் யாரோ செய்து கொடுத்த பழைய கோப்பில் எண் வடிவம் கையால் அமைக்கப்பட்டிருந்தால் அது மாறாது. சென்னை அலுவலகத்திலிருந்து வரும் பிடிஎஃப் தாள்களும் அப்படித்தான். எனவே வெளியே அனுப்பும் எந்தத் தாளையும் ஒருமுறை அச்சிட்டு, பேனாவால் வலப்பக்கமிருந்து மூன்று மூன்றாகத் தொட்டு எண்ணிப் பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆண்டறிக்கையோ கணக்கறிக்கையோ படிக்க நேர்ந்தால் பத்தியின் தலைப்பைப் பாருங்கள். ஆர்எம் (ரிங்கிட் மலேசியா) என்பதற்குப் பக்கத்தில் மேற்புள்ளியும் மூன்று சைபரும் (RM'000) இருந்தால், அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் மூன்று சைபர் மறைந்திருக்கிறது என்று பொருள். அங்கே 4,350 என்று இருந்தால் அது நாற்பத்து மூன்றரை லட்சம் வெள்ளி. மலேசியப் பணமான ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றும், 'சென்' என்பதைக் காசு என்றும் சொல்வார்கள். இங்கே சென் என்பது நூறில் ஒரு பங்கு வெள்ளி. நீங்களும் அப்படியே சொல்லப் பழகிவிடுங்கள், கடையில் பேச்சு சுலபமாகும்.

3. வாயால் எண் சொல்லும்போது

எழுத்தில் திருத்தம் செய்ய நேரம் இருக்கும், பேச்சில் இருக்காது. நான் விழுந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

நாம் தமிழில் நாலஞ்சு பேர், பத்துப் பதினஞ்சு நாள் என்று இரண்டு எண்ணை ஒட்டிச் சொல்வோம். அதே மூச்சில் ஆங்கிலத்தில் 'ஃபோர் ஃபைவ் தவுசண்ட்' என்று சொன்னேன், நாலாயிரம் ஐயாயிரம் ஆகும் என்று நினைத்து. எதிரில் இருந்தவர் தாளில் 45,000 என்று எழுதினார். அவர் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன், போனில் என்றால் தெரிந்தே இருக்காது. நடுவில் 'டு' அல்லது 'ஆர்' கட்டாயம் போடுங்கள்: 'ஃபோர் டு ஃபைவ் தவுசண்ட்'.

பதினைந்தும் ஐம்பதும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்று நாம் உச்சரிக்கும்போது போனில் ஒன்றாகவே கேட்கும். பதின்மூன்று முப்பது, பதினாறு அறுபது எல்லாமே அப்படித்தான். இதற்கு இந்த ஊரில் அருமையான வழி இருக்கிறது: மலாயில் சொல்லிவிடுங்கள். பதினைந்து 'லீமா பெலாஸ்', ஐம்பது 'லீமா புலோ'. இரண்டும் ஒருநாளும் குழம்பாது, கேட்பவர் யாராக இருந்தாலும் புரியும். அல்லது இலக்கம் இலக்கமாக, 'ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்' என்று.

அரை, கால் வரும் இடம். ஒன்றரை லட்சத்தை 'ஒன் அண்ட் எ ஹாஃப்' என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த சொல் தேடும்போது அவசரத்தில் 'மில்லியன்' வந்துவிடும். அது பதினைந்து லட்சம். ஒன்றரை லட்சம் 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்', அதற்கு 'ஹாஃப்' வைத்துச் சுருக்கம் கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் 'ஒன் ஃபிஃப்டி கே' என்பார்கள். கே என்றால் ஆயிரம். 'மில்' என்றால் மில்லியன்.

'ஒன் பாயிண்ட் எயிட்' என்று யாராவது சொன்னால் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். வாடகை பேசும்போது அது 1,800 வெள்ளி, வீடு விற்கும் பேச்சில் அதுவே பதினெட்டு லட்சம் வெள்ளி. அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது இங்கே சகஜம். நீங்கள் கேட்டுத் தெளிவுபடுத்தினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் 'ட்வென்டி ஓவர் பீப்பிள்'. இது மலேசிய ஆங்கிலம், இருபதுக்கு மேல் ஆட்கள் என்று பொருள். முதலில் கேட்டபோது இருபது பேர் முடிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'ஓவர் ட்வென்டி' என்றோ 'மோர் தன் ட்வென்டி' என்றோ மாற்றி எழுதுங்கள்.

4. சம்பளம் பேசும் நாள்

நம் ஊரில் சம்பளம் என்றால் வருடத்துக்கு இத்தனை லட்சம். இங்கே மாதத்துக்கு இத்தனை ஆயிரம். இது தெரியாமல் நேர்முகத்தில் உட்கார்ந்து 'ட்வெல்வ்' என்று சொன்னேன். என் மனதில் வருடம் பன்னிரண்டு லட்சம் ரூபாய். அவர்கள் காதில் மாதம் பன்னிரண்டாயிரம் வெள்ளி. ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் என் கணக்கு மாதம் ஐயாயிரம் வெள்ளிதான், இரண்டு மடங்குக்கும் மேலே கேட்டதாக ஆகிவிட்டது. அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தும் காரணம் புரியாமல் வெளியே வந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

போவதற்கு முதல் நாள் இரவு இதைச் செய்யுங்கள். பழைய சம்பளச் சீட்டை எடுத்து, வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அன்றைய மாற்று விலையில் வெள்ளிக்கு மாற்றி, ஒரு தாளில் எழுத்தால் எழுதுங்கள். எண்ணால் அல்ல, எழுத்தால்: 'ஃபைவ் தவுசண்ட் ரிங்கிட் பெர் மந்த்'. 'பெர் மந்த்' என்ற இரண்டு சொல்லையும் விடாதீர்கள்.

'சிக்ஸ் ஃபிகர் சேலரி' என்று கேள்விப்பட்டு மயங்க வேண்டாம். ஆறு இலக்கச் சம்பளம், அதாவது ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குள். ஆனால் எந்த நாட்டுப் பணத்தில், மாதத்துக்கா வருடத்துக்கா என்று அந்தச் சொல்லில் இருக்காது. ஏஜெண்டுகள் இதைச் சொல்லும்போது இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் கையெழுத்து போடுவதற்கு முன் தொகை எழுத்தில் இருக்கிறதா, மாதமா வருடமா, எந்தப் பணம் என்ற மூன்றையும் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் பாருங்கள்.

5. வீட்டு ஒப்பந்தமும் செக்கும்: எண்ணை எழுத்தால் எழுதும் இடங்கள்

கோலாலம்பூரில் வீடு எடுக்கும்போது வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மொத்தமாகக் கேட்பார்கள். வாடகை 1,800 வெள்ளி என்றால் 3,600, 900, 1,800, மொத்தம் 6,300. இந்தத் தொகை கையில் இல்லாமல் வீடு பார்க்கப் போக வேண்டாம், நல்ல வீடு மறுநாள் வரை நிற்காது. ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி இதில் சேராது, அதை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தொகையும் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். 'ரிங்கிட் மலேசியா சிக்ஸ் தவுசண்ட் த்ரீ ஹண்ட்ரட் ஒன்லி' என்று. மலாயில் இருந்தால் 'எனம் ரிபு தீகா ராத்துஸ் சஹாஜா' என்று முடியும். 'ஒன்லி'யும் 'சஹாஜா'வும் நம் ஊர் 'மட்டும்'தான். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது என்பதற்காக.

எழுத்தைத்தான் அதிகக் கவனமாகப் படிக்க வேண்டும். செக்கில் எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், 1949ஆம் ஆண்டின் மாற்றுச் சீட்டுச் சட்டப்படி எழுத்தில் உள்ள தொகையே செல்லும். நடைமுறையில் வங்கி அப்படிப்பட்ட செக்கைத் திருப்பித்தான் அனுப்பும், கொடுத்த இடத்தில் உங்கள் பெயர் கெடும், பணமும் தாமதமாகும். செக்கில் அடித்துத் திருத்தவே கூடாது, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து போட்டாலும் வங்கி எடுக்காது. தப்பாக எழுதிவிட்டால் கிழித்துவிட்டுப் புதியது எழுதுங்கள். செக் குறிப்பிட்ட காலம் வரைதான் செல்லும் என்பதால் யாராவது உங்களுக்குக் கொடுத்தால் பையிலேயே வைத்திருக்காதீர்கள்.

எழுதும்போது ஒரு இலக்கண விஷயம். குறிப்பிட்ட எண் முன்னால் வந்தால் ஹண்ட்ரட், தவுசண்ட், மில்லியன் மூன்றுக்கும் பன்மை 'ஸ்' வராது. 'டூ மில்லியன் ரிங்கிட்'தான், 'டூ மில்லியன்ஸ்' இல்லை. எண் இல்லாமல் பொதுவாகச் சொல்லும்போதுதான் 'மில்லியன்ஸ் ஆஃப்' வரும். செக்கில் 'தவுசண்ட்ஸ்' என்று எழுதி, அக்கா அதைக் கையிலிருந்து வாங்கிக் கிழித்தது நினைவிருக்கிறது. பணத்துக்குப் பாதகமில்லை, ஆனால் கம்பெனிப் பெயரில் போகிற தாள் பிழையில்லாமல் போக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி.

6. மிகைப்படுத்திச் சொல்லும்போது

இது தனியாகச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம். நாம் எண்ணை வைத்து மிகைப்படுத்தாமல் பேசவே மாட்டோம். ஆயிரம் தடவை சொல்லிட்டேன், ஆயிரத்தெட்டு வேலை, லட்சத்தில் ஒருத்தன், கோடி நன்றி. ஆங்கிலத்திலும் இதே மாதிரி இருக்கிறது, ஆனால் எண்கள் வேறு. அப்படியே மாற்றினால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. 'தவுசண்ட் எயிட் பிராப்ளம்ஸ்' என்று சொன்னால் ஆயிரத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று விழிப்பார்கள்.

எனக்குப் பயன்பட்ட இணைகள் இவை. ஆயிரத்தெட்டு வேலைக்கு 'எ ஹண்ட்ரட் அண்ட் ஒன் திங்ஸ் டு டூ'. லட்சத்தில் ஒருத்தனுக்கு 'ஒன் இன் எ மில்லியன்', நம்மைவிடப் பத்து மடங்கு தாராளம். கோடி நன்றிக்கு 'தேங்க்ஸ் எ மில்லியன்', நெருங்கியவர்களிடம் மட்டும். எக்கச்சக்கம் என்பதற்கு 'லோட்ஸ் ஆஃப்', 'டன்ஸ் ஆஃப்'. எண்ணவே முடியாதது என்று விளையாட்டாகச் சொல்ல 'ஸில்லியன்', 'கஸில்லியன்' என்று சொல்வார்கள். இவை எந்தக் கணக்கிலும் இல்லாத எண்கள், அகராதியில் சைபர் தேடாதீர்கள், அலுவலகத் தாளில் எழுதவும் வேண்டாம். 'அம்ப்டீன்' (எத்தனையோ என்று பொருள்) நம் ஊர் ஆங்கிலத்தில் அதிகம் வரும் சொல். 'ஃபார் தி அம்ப்டீன்த் டைம்' என்றால் அதில் எரிச்சல் தொனிக்கும், மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாது.

கூட்டம், மக்கள், பணம் என்று பொதுவாகச் சொல்லும்போது இன்னொரு இடைவெளி இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள் என்பதை 'லாக்ஸ் ஆஃப் பீப்பிள்' என்று எழுதினால், இந்தியாவுக்கு வெளியே 'லாக்' என்ற சொல்லையே பலருக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் என்பது 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ்'. பல்லாயிரக்கணக்கில் என்பது 'டென்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ்'. கோடிக்கணக்கில் என்பது 'டென்ஸ் ஆஃப் மில்லியன்ஸ்'. இந்த மூன்றையும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'மில்லியன்ஸ்' என்று மட்டும் சொன்னால் அது பத்து லட்சங்கள், கோடியை எட்டாது.

இப்போது எச்சரிக்கை. மிகை பேச்சுக்கு மட்டும்தான், புகாருக்கு உதவாது. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினேன், இரண்டே வாரத்தில் குளிர்ச்சி நின்றுவிட்டது. கடைக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்தார். கோபத்தில் 'ஐ கால்ட் யூ ஹண்ட்ரட்ஸ் ஆஃப் டைம்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: எந்தெந்தத் தேதி, காட்டுங்கள். போனைத் திறந்து பார்த்தால் ஐந்து அழைப்பு, அதில் இரண்டு அவர் எடுத்துப் பேசியவை. ஐந்து என்று எழுதியிருந்தால் என் பக்கம் வலுவாக இருந்திருக்கும். நூற்றுக்கணக்கு என்று எழுதியதால் மற்ற எல்லாவற்றையும் அவர் சந்தேகமாகப் பேச வழி கிடைத்துவிட்டது.

அதன் பிறகுதான் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் முதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மனு செய்யக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டியதில்லை. படிவத்தில் கேட்பதெல்லாம் தேதி, தொகை, நடந்தது. மிகைக்கு அங்கே இடமே இல்லை. பெட்டி வாங்கிய ரசீதின் நகலையும் ஐந்து அழைப்பின் தேதியையும் சேர்த்து ஒரு செய்தியாக்கிக் கடைக்கு அனுப்பினேன், படிவத்தின் படத்தோடு. மறுநாள் மெக்கானிக் வந்தார். ஆகவே எங்கே சண்டை இருக்கிறதோ அங்கே சரியான எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள், சிறிய எண்ணாக இருந்தாலும்.

சதவீதத்திலும் இதே வம்பு உண்டு. விலை மூன்று மடங்காகிவிட்டது என்பதை 'த்ரீ ஹண்ட்ரட் பெர்சென்ட் இன்க்ரீஸ்' என்று எழுதினால் அது நான்கு மடங்கு. மூன்று மடங்கு என்றால் இருநூறு சதவீத உயர்வுதான். சப்ளையருக்கு விலை உயர்வு பற்றி எழுதும்போது பழைய விலை, புதிய விலை இரண்டையும் எண்ணால் போட்டுவிடுங்கள், சதவீதமே வேண்டாம்.

7. சரக்கு அளவு: டன், டஜன், குரோஸ்

ஒருநாள் குழாய் ஏற்ற லாரிக்காரருக்குப் போன் செய்து, நிறைய இருக்கிறது என்ற அர்த்தத்தில் 'டன்ஸ் ஆஃப் பைப்ஸ்' என்றேன். இங்கே லாரியைச் சொல்வதே ஒரு டன் லாரி, மூன்று டன் லாரி, ஐந்து டன் லாரி என்றுதான். அவர் ஐந்து டன் லாரியோடு வந்து நின்றார். பிவிசி குழாய், இடம் அடைக்கும், கனம் இருக்காது. வாடகை வித்தியாசத்தை அந்த மாதம் நான்தான் கொடுத்தேன். கிடங்கு, லாரி, துறைமுகம் இந்த மூன்று இடத்திலும் 'டன்'னை அளவாக மட்டும் சொல்லுங்கள், நிறைய என்பதற்கு 'லோட்ஸ் ஆஃப்' போதும்.

டஜன் பன்னிரண்டு, ஆனால் 'டஜன்ஸ் ஆஃப்' என்றால் பல டஜன், குறைந்தது இருபத்து நான்காவது இருக்க வேண்டும். ஆணி, திருகு விற்கும் கடையில் 'குரோஸ்' என்றால் 144. முட்டையை இங்கே பத்தாகவோ முப்பது அடங்கிய தட்டாகவோதான் விற்பார்கள், டஜன் கேட்டால் கடைக்காரர் எண்ணி எடுக்க வேண்டியிருக்கும். குவிண்டால் என்ற அளவை மறந்துவிடுங்கள், 100 கிலோ என்று சொல்லுங்கள். சந்தையில் இன்னும் சிலர் 'காத்தி' என்பார்கள், ஏறத்தாழ 600 கிராம்.

வேலையை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர் 'கபுள் ஆஃப் தவுசண்ட்' ஆகும் என்றால் இரண்டாயிரம் என்று முடிவு கட்டாதீர்கள். அது இரண்டிலிருந்து மூன்று வரை, சில நேரம் நான்கு வரையும் நீளும். எழுத்தில் தரச் சொல்லுங்கள். 'எ ஃபியூ தவுசண்ட்' என்றால் அதற்கும் மேலே.

8. இரண்டு வாரப் பழக்கம்

முதல் வாரம் முழுக்கத் தாளோடு. தினமும் பொருளாதாரப் பக்கத்தில் ஐந்து தொகையை வட்டமிட்டு, பக்கத்தில் தமிழில் லட்சம், கோடியாக எழுதுங்கள். வீட்டு விற்பனை விளம்பரங்கள் இதற்கு மிகவும் நல்லவை, ஏனென்றால் அதில் மில்லியனும் கேயும் கலந்து வரும். ரயிலில் போகும் நேரம் போதும், பதினைந்து நிமிடம்.

இரண்டாவது வாரம் காதால். ஆங்கிலச் செய்தி கேட்கும்போது எண் வந்ததும் நிறுத்தி, கேட்டதை எண்ணாக எழுதி, பிறகு தமிழ்ச் செய்தியில் அதே தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டை ஆங்கிலத்தில் 421 பில்லியன் ரிங்கிட் என்றார்கள், அதுவே 42,100 கோடி வெள்ளி. பட்ஜெட் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வரும். அந்த வாரம் ஊரே எண்ணில்தான் பேசும். பட்ஜெட்டுக்கு மறுநாள் காலை ஆங்கிலத் தாள் ஒன்று, தமிழ்த் தாள் ஒன்று இரண்டையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தொகைக்கும் சைபரை எழுதிப் பாருங்கள்.